துரு தாங்கும் கோதுமை: மார்க்கர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

கேட்டிருப்பது மூன்று விஷயம். மார்க்கர் வைத்து உருவாக்கிய நோய் எதிர்ப்புக் கோதுமை என்றால் அது மரபணு மாற்றுப் பயிரா? வயலில் நோய் வராத செடியைப் பார்த்துப் பொறுக்கினால் போதாதா, டிஎன்ஏ சோதனை எதற்கு? இவ்வளவும் செய்த பிறகும் சில வருஷங்களில் அதே ரகத்துக்குத் துரு, அதாவது இலையிலும் தண்டிலும் துரு நிறக் கொப்புளமாகக் கிளம்பும் பூஞ்சை நோய், வந்துவிடுகிறதே, அது ஏன்? முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மற்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், எனவே அவற்றைச் சேர்த்தே சொல்கிறேன்.

மரபணு மாற்றம் இல்லை. ஒரு கோதுமையின் மகரந்தத்தை இன்னொரு கோதுமையின் பூவில் வைத்துச் செய்யும் அதே பழைய கலப்புதான். மார்க்கர் என்பது செடிக்குள் நுழைக்கும் பொருள் கிடையாது. பிறந்த ஆயிரம் நாற்றுகளில் எவற்றுக்கு வேண்டிய மரபணு வந்து சேர்ந்திருக்கிறது என்று இலைத்துண்டை வைத்துப் பார்க்கும் சோதனை, அவ்வளவுதான். சோதனை முடிந்ததும் அந்த இலைத்துண்டு குப்பைக்குப் போகும், நாற்று வயலுக்குப் போகும்.

இந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்று புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. 42 குரோமோசோம்கள், ஏறத்தாழ 1,600 கோடி டிஎன்ஏ எழுத்துகள், அதாவது மனித மரபுத்தொகுதியைப் போல ஐந்து மடங்கு. அதிலும் 85 சதவீதத்துக்குக் குறையாமல் திரும்பத் திரும்ப வரும் துணுக்குகள்தான். முழு வரிசை ஓரளவு ஒழுங்காகக் கைக்கு வந்ததே 2018-இல்தான். அதற்கு முன்பு, துருவை எதிர்க்கும் மரபணு எந்தக் குரோமோசோமில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரிந்தாலும் மரபணுவின் எழுத்துகள் தெரியாது. அதனால் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு டிஎன்ஏ வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாத ஊரில் வீட்டு எண் இல்லாமல் ஒருவர் வீட்டைத் தேடும்போது “புளியமரத்துக்கு அடுத்த வீடு” என்று சொல்வார்கள் இல்லையா, அந்தப் புளியமரம்தான் மார்க்கர். என்ன, இந்த ஊரில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். மரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் வெட்டு விழுந்தால் மரம் ஒரு பிள்ளைக்கும் வீடு இன்னொரு பிள்ளைக்கும் போய்விடும். 5 சென்டிமார்கன் (குரோமோசோமில் தூரத்தை அளக்கும் அலகு) தூரம் என்றால் சுமார் 100-க்கு 5 முறை அப்படி நடக்கும். ஒரு தலைமுறைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் ஐந்தாறு தலைமுறை பின்கலப்பு (பிள்ளையை மறுபடி மறுபடி நல்ல ரகத்தோடே கலப்பது) செய்பவருக்கு அந்த 5 ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் மரபணுவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மார்க்கர் வைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வெட்டு விழுவது அரிது, 5-க்கு 5 என்றால் 400-இல் ஒன்று.

சரி, ஏன் கண்ணால் பார்த்துப் பொறுக்கக்கூடாது? பொறுக்கலாம், நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் செய்தார்கள். மஞ்சள் துருவை எதிர்க்கும் குணம் மெண்டலின் விதிப்படி பிள்ளைகளுக்குப் போகிறது என்று கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் 1905-லேயே காட்டிவிட்டார். ஆனால் கண்ணால் பார்க்க நோய் வர வேண்டும், சரியான நேரத்தில், துருப் பூஞ்சையின் சரியான இனம், வயல் முழுக்கச் சீராக வர வேண்டும். மழையும் பனியும் ஒத்துழைக்காத வருஷத்தில் எல்லாச் செடியும் எதிர்ப்புச் செடி போலத்தான் நிற்கும். அதற்காகத்தான் கென்யாவின் ஞோரோ மாதிரி, தண்டுத் துரு தவறாமல் வரும் இடங்களுக்கு உலகம் முழுவதிலுமிருந்து விதையை அனுப்பிச் சோதிக்கிறார்கள். இன்னொரு சிக்கல், சில மரபணுக்கள் நாற்றுப் பருவத்தில் ஒன்றுமே செய்யாது, செடி வளர்ந்து கொடி இலை எனும் கடைசி இலை விட்ட பிறகுதான் வேலையைக் காட்டும். எஸ்ஆர் 2 என்ற மரபணு அப்படி (பெயரில் எஸ்ஆர் என்றால் தண்டுத் துரு எதிர்ப்பு, எல்ஆர் என்றால் இலைத் துரு, ஒய்ஆர் என்றால் மஞ்சள் துரு). அது பின்னடைவு மரபணுவும்கூட, அதாவது இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளியே தெரியும். பின்கலப்பு செய்யும்போது எந்தச் செடியிலும் ஒரே பிரதிதான் இருக்கும், எனவே கண்ணை நம்பினால் ஒவ்வொரு தலைமுறைக்கும் நடுவில் ஒரு தலைமுறையைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், காலம் இரட்டிப்பாகும். மார்க்கருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பிரதியா, இரண்டா, ஒன்றுமில்லையா என்று இரண்டு இலை விட்ட நாற்றிலேயே சொல்லிவிடும். இன்று அதிகம் பயன்படும் காஸ்ப் சோதனையில் இரண்டு நிற ஒளிர்வுகள்தான், திரையில் மூன்று கூட்டமாகப் புள்ளிகள் பிரிந்து நிற்கும், நடுக் கூட்டத்தில் இருப்பவை ஒரு பிரதிக்காரர்கள்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான பக்கக்கதை. டிஎன்ஏ மார்க்கர் வருவதற்கு முன்பே வயலில் மார்க்கர் இருந்தது. எஸ்ஆர் 2 இருக்கும் செடிகளின் உமியிலும் தண்டுக் கணுவுக்குக் கீழேயும் ஒருவிதக் கருமை படரும். நோய் இல்லை, நோய் போலத் தெரியும் நிறம். எல்ஆர் 34 இருந்தால் கொடி இலையின் நுனி காய்ந்து போகும். கோதுமை வயலில் வாழ்நாளைக் கழித்த ஆட்கள் இதைப் பார்த்தே செடியைக் குறித்து வைத்துவிடுவார்கள். ஆனால் கருமை ஒரு வருஷம் தூக்கலாகத் தெரியும், ஒரு வருஷம் தெரியவே தெரியாது, வேறு ரகத்தின் பின்னணியில் மங்கிவிடும். அதோடு உமி கறுத்த கோதுமையை விவசாயிக்குப் பிடிக்காது என்று அதையே கழித்துக்கட்டிய கதையும் உண்டு, எதிர்ப்பையும் சேர்த்து.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, மார்க்கருக்கான உண்மையான நியாயம் அதுதான் என்பேன். ஒரே செடியில் இரண்டு எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மரபணுவே துருவை முழுசாக நிறுத்திவிடுகிறது. இரண்டாவது இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயலில் ஒன்று இருக்கும் செடியும் சுத்தமாக நிற்கும், இரண்டு இருக்கும் செடியும் அதே மாதிரி சுத்தமாக நிற்கும். ஒன்றை மட்டும் தாண்டக்கூடிய துரு இனத்தைத் தனியாக வளர்த்து, பாதுகாப்பான அறைக்குள் தடவிப் பார்க்கலாம்தான், அப்படி ஓர் இனம் இருந்தால். இல்லாவிட்டால் வழியில்லை. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு செடிகளைப் பிரித்துக் காட்டுவது மார்க்கர் மட்டும்தான். ஒரே ஒரு வலுவான மரபணுவைக் கொண்டு வருவதற்கு மார்க்கர் ஒரு வசதி. நேரத்தைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும். இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்குவதற்கோ அது இல்லாமல் முடியவே முடியாது.

அடுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது என்றால், அதுதான் மூன்றாவது கேள்வி.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹரால்ட் ஃப்ளோர் 1940-களில் ஆளிச் செடியின் துருவை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: செடியில் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்கு பூஞ்சையில் ஒரு மரபணு ஜோடியாக இருக்கிறது. செடியின் எதிர்ப்புப் புரதம் பூஞ்சையின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு, தொற்றிய செல்லைத் தானே சாகடித்துத் தடுக்கிறது. பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டால், அல்லது தொலைத்துவிட்டால், எதிர்ப்பு செல்லாது. ஒரு ஹெக்டேர் துருப் பிடித்த வயலிலிருந்து ஒரு நாளில் கிளம்பும் வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் தூள்கள், லட்சம் கோடி என்ற அளவில் இருக்கும். பிறழ்வு எவ்வளவு அரிதாக இருந்தாலும் இத்தனை பேரில் யாராவது ஒருவருக்கு அது கிடைத்துவிடும், அந்த ஒருவருக்குப் போட்டியே இல்லை.

எஸ்ஆர் 31 கதை இதற்குச் சரியான உதாரணம். ரை என்ற தானியத்தின் ஒரு குரோமோசோம் கை கோதுமைக்குள் வந்து சேர்ந்தது, அதோடு தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் நான்குக்கும் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணு வந்தது, விளைச்சலும் நன்றாக இருந்தது. காவ்காஸ் என்ற ரஷ்ய ரகம் வழியாக மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோளம்-கோதுமை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து உலகின் பாதிக் கோதுமை வயல்களுக்குப் பரவியது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. தண்டுத் துரு பல ஆண்டுகள் பெரிய பிரச்சினையாகவே இல்லை. அந்த நோயை ஆராய்வதற்கே ஆட்கள் குறைந்துபோனார்கள். 1998-இல் உகாண்டாவில் எஸ்ஆர் 31 உள்ள கோதுமையில் தண்டுத் துரு பிடித்திருந்தது. அடுத்த வருஷம் அதற்கு யூஜி 99 என்று பெயர் வைத்தார்கள். கென்யா, எத்தியோப்பியா, ஏமன், 2007-இல் ஈரான் என்று நகர்ந்தது. போகிற வழியில் 2006-இல் கென்யாவில் எஸ்ஆர் 24-ஐயும் தாண்டிய புது வடிவம் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கடுத்த வருஷம் எஸ்ஆர் 36.

அதைவிட வேதனையானது எத்தியோப்பியாவின் டிகலு ரகம். யூஜி 99-ஐத் தாங்கும், மஞ்சள் துருவையும் தாங்கும் என்று விவசாயிகள் விரும்பிப் போட்டார்கள். அதன் தண்டுத் துரு எதிர்ப்பு பெரும்பாலும் எஸ்ஆர் டிஎம்பி என்ற ஒரே மரபணு. 2013-14-இல் யூஜி 99 குடும்பத்தைச் சேராத வேறொரு இனம் வந்து ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அதைச் சாய்த்தது. எதிரி யார் என்று தெரியும் என்ற நம்பிக்கையில் அந்த ஓர் எதிரிக்கு மட்டும் தயாராவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு டிகலு போதும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மரபணுவைத் தாண்டும் பிறழ்வு பத்து லட்சம் வித்தில் ஒன்றுக்கு வரும் என்று சும்மா வைத்துக்கொள்வோம். இரண்டு மரபணு ஒரே செடியில் இருந்தால் இரண்டு பிறழ்வும் ஒரே வித்தில் வர வேண்டும்: லட்சம் கோடியில் ஒன்று. மூன்று என்றால் அதற்கும் பத்து லட்சம் மடங்கு அரிது. அடுக்கின் பலம் இதுதான். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: அந்த மூன்றில் எதுவும் வேறு எங்கும் தனியாகப் பயிரில் இருக்கக்கூடாது. பக்கத்து நாட்டில் ஒரு ரகம் முதல் மரபணுவோடு மட்டும் நிற்கிறது, இன்னொரு ரகம் இரண்டாவதோடு மட்டும் நிற்கிறது என்றால் பூஞ்சைக்கு நாம் படிக்கட்டு கட்டிக் கொடுத்தது போலாகும்; ஒவ்வொன்றாகத் தாண்டிப் பழகிவிட்டு மூன்றையும் சேர்த்து நிற்கும் வயலுக்கு வரும். துரு வித்துக்குக் கடலும் எல்லையும் பொருட்டில்லை. இந்த விஷயத்தில் மார்க்கர் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நாலு மரபணுவை அடுக்க உதவுவதும் அதுதான், ஒரே மரபணுவைப் பிரபலமான ரகத்துக்குள் அவசரமாக நுழைத்து வெளியிட ஆசை காட்டுவதும் அதுதான்.

ஒரு பிரபலமான ரகத்துக்குள் எப்படி நுழைக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மார்க்கர் வேலை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. பிபிடபிள்யூ 343 என்ற பஞ்சாப் ரகம் 1995-இல் வெளிவந்து, வட இந்தியாவில் பல லட்சம் ஹெக்டேரில் பரவியது. அதில் ஒய்ஆர் 9, ஒய்ஆர் 27 என்று மஞ்சள் துருவுக்கு மரபணுக்கள் இருந்தன. அவற்றைத் தாண்டிய இனங்கள் வந்ததும் ரகம் படுத்தது. விளைச்சலிலும் தகவமைப்பிலும் குறை சொல்ல முடியாத ரகம், நோய்தான் பிரச்சினை. அதனால் லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் அதையே தாய் ரகமாக வைத்து, காட்டுப் புல் இனங்களிலிருந்து வந்த இரண்டு துண்டுகளை மார்க்கர் பார்த்துச் சேர்த்தார்கள்: ஒன்றில் எல்ஆர் 37-உம் ஒய்ஆர் 17-உம், மற்றதில் எல்ஆர் 76-உம் ஒய்ஆர் 70-உம். உன்னத் பிபிடபிள்யூ 343, அதாவது பிபிடபிள்யூ 723, அப்படி வந்ததுதான்.

முறை இப்படிப் போகும். நல்ல ரகத்தை எதிர்ப்பு உள்ள செடியோடு கலக்கிறோம், பிள்ளையை மறுபடி நல்ல ரகத்தோடு கலக்கிறோம். முதல் பின்கலப்பில் நல்ல ரகத்தின் பங்கு சராசரியாக 75 சதவீதம், அடுத்து 87.5, அடுத்து 93.75, ஆறாவதில் 99-ஐத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் பாதி நாற்றில்தான் வேண்டிய மரபணு இருக்கும், மீதிப் பாதியை மார்க்கர் பார்த்து நாற்றங்காலிலேயே தூக்கிவிடலாம். இது முதல் வேலை. இரண்டாவது வேலை, மரபணுவை ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத துண்டைக் குறைப்பது: பக்கத்து மார்க்கர் நல்ல ரகத்துக்குத் திரும்பிவிட்ட நாற்றைத் தேடி எடுக்க வேண்டும். நூற்றில் சில நாற்றில்தான் அது இருக்கும், அதனால் இங்கே நிறைய நாற்று வேண்டும். சிறிய நிலையங்கள் கஞ்சத்தனம் காட்டுவது இங்கேதான். மூன்றாவது, 75 சதவீதம் என்பது வெறும் சராசரி. சில நாற்றில் 65, சில நாற்றில் 85 இருக்கும். மரபுத்தொகுதி முழுக்கப் பரவிய மார்க்கர்களை வைத்துப் பார்த்து 85-காரரைப் பிடித்தால் ஆறு தலைமுறை வேலை மூன்றில் முடிந்துவிடும். இப்போது ஒரு நாளில் 22 மணி நேரம் விளக்கு எரியும் கண்ணாடிக் கூடத்தில் வசந்தகாலக் கோதுமையை வருஷத்துக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கிறார்கள், அதையும் சேர்த்துப் பார்த்தால் பழைய பத்து வருஷ வேலை எங்கே வந்து நிற்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பல மரபணுக்களை அடுக்கும்போது எண்ணிக்கைதான் எதிரி. இரண்டாம் தலைமுறையில் ஒரு மரபணு இரண்டு பிரதியாக இருக்கும் செடி நாலில் ஒன்று. நான்கு மரபணுவும் அப்படி இருப்பது 256-இல் ஒன்று, ஆறு என்றால் 4,096-இல் ஒன்று. அதனால் முதலில் நான்குக்கும் குறைந்தது ஒரு பிரதியாவது உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றை, அடுத்த தலைமுறையில் இறுக்குவார்கள். இல்லாவிட்டால் கோதுமைப் பூவில் மக்காச்சோள மகரந்தத்தைத் தடவுவார்கள். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் மக்காச்சோளக் குரோமோசோம்கள் உதிர்ந்துபோய் கோதுமையின் ஒற்றைத் தொகுதி மட்டும் உள்ள கரு மிஞ்சும், அதைக் கொல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் கொடுத்து இரட்டித்தால் எல்லா மரபணுவும் ஒரே அடியில் இரண்டு பிரதியாகிவிடும். அப்போது நான்கு மரபணு 16-இல் ஒன்றுக்கு வந்துவிடும்.

மார்க்கர் எங்கே காலை வாரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எஸ்ஆர் 2-க்கு முதலில் பயன்பட்ட மார்க்கர், மரபணு இல்லாத சில ரகங்களிலும் “இருக்கிறது” என்று காட்டியது. புளியமரம் இருக்கிறது, வீடு இல்லை. பக்கத்து மார்க்கரை நம்பும் யாரும் வேலையைத் தொடங்கும் முன் தன் பெற்றோர் இரண்டிலும் அது வேறுபடுகிறதா என்று பார்க்காவிட்டால் மூன்று வருஷ உழைப்பு வீண். மரபணுவே கைக்கு வந்துவிட்டால் அதன் எழுத்து வேறுபாட்டையே மார்க்கராக்கலாம், அதற்குமேல் பிரிய வழியில்லை. எல்ஆர் 34 அப்படி 2009-இல் கைக்கு வந்தது. எதிர்ப்பு வடிவத்துக்கும் சாதாரண வடிவத்துக்கும் புரதத்தில் இரண்டே இரண்டு இடத்தில்தான் வித்தியாசம்.

இன்னொன்று, காட்டு இனத்திலிருந்து வந்த துண்டுகள் கோதுமைக் குரோமோசோமோடு துண்டு மாற்றிக்கொள்வதே இல்லை, ஏனென்றால் 5பி குரோமோசோமில் இருக்கும் பிஎச் 1 என்ற மரபணு அதைத் தடுக்கிறது. எல்ஆர் 19 இலைத் துருவுக்கு அருமையான மரபணு, ஆனால் அதோடு மாவை மஞ்சளாக்கும் மரபணுவும் சேர்ந்தே வந்தது. ரை துண்டோடு மாவு பிசுபிசுப்பாகும் குணம் வந்தது. இங்கே எத்தனை மார்க்கர் வைத்தாலும் வெட்டே விழாவிட்டால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. பிஎச் 1 செயலிழந்த கோதுமையோடு கலந்து, முதலில் வெட்டை உண்டாக்கி, அப்புறம்தான் மார்க்கரால் குட்டைத் துண்டைப் பொறுக்க முடியும்.

காட்டுத் துண்டு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒய்ஆர் 17 இருக்கும் அந்த ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசா என்ற காட்டுப் புல்லின் துண்டு வட ஐரோப்பாவில் 1990-களில் மஞ்சள் துருவிடம் தோற்றது. தோற்ற மரபணு என்று ஓரங்கட்டியிருக்க வேண்டியது. ஆனால் கோதுமைக் குலை நோய் என்ற வேறொரு பூஞ்சை நோய் வந்தபோது கதை மாறியது. 1985-இல் பிரேசிலில் முதலில் தெரிந்த அந்த நோய் 2016-இல் வங்கதேசத்தில் இறங்கி சுமார் 15,000 ஹெக்டேரில் கதிரை வெளுக்க வைத்தது. அதைத் தாங்கியவற்றில் பெரும்பாலும் இருந்தது அதே துண்டுதான். அடுத்த ஆண்டே வங்கதேசம் அந்தத் துண்டு உள்ள பாரி கோம் 33 ரகத்தை வெளியிட்டது. யாரும் குலை நோயை நினைத்து அந்தத் துண்டை ரகங்களில் வைக்கவில்லை. இப்போது தென் அமெரிக்காவில் அதையும் தாண்டும் பூஞ்சை இருக்கிறது என்பதால் மறுபடியும் அதே கேள்வி, துணைக்கு என்ன வைப்பது?

துணைக்கு வைக்க எனக்குப் பிடித்தது மெதுவாக வேலை செய்யும் மரபணுக்கள். எல்ஆர் 34 நோயை நிறுத்தாது, தாமதப்படுத்தும்: கொப்புளங்கள் குறைவு, சிறிது, வித்து உண்டாக அதிக நாள். அது ஒரு குறிப்பிட்ட பூஞ்சைப் புரதத்தை அடையாளம் காணும் காவலாளி அல்ல, செல் சவ்வில் பொருள்களைக் கடத்தும் ஒரு புரதம். 2015-இல் கைக்கு வந்த எல்ஆர் 67 சர்க்கரையைக் கடத்தும் புரதத்தின் மாறிய வடிவம். இரண்டுமே மூன்று துருவுக்கும் சாம்பல் நோய்க்கும் ஓரளவு தாங்கும். எல்ஆர் 34 பல பத்தாண்டுகளாகப் பெரும் பரப்பில் பயிரில் இருந்தும் பூஞ்சை அதைத் தாண்டவில்லை. தனியாக இருந்தால் கடும் நோய் வருஷத்தில் போதாது, உண்மை. ஆனால் இந்த மாதிரி நான்கைந்து சேர்ந்தால் கிட்டத்தட்ட சுத்தமான செடி கிடைக்கும் என்று சிமிட்டில் நிறுவியிருக்கிறார்கள். நான்கைந்து சின்ன விளைவுகளில் எது இருக்கிறது எது இல்லை என்று கண்ணால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எல்லா நோய்க்கும் இந்த வழி ஒத்துவராது. கதிர்க் கருகலுக்குக் காரணமான பியூசேரியம் என்ற பூஞ்சை தானியத்தில் நச்சையும் விட்டுச் செல்லும், அதற்கு முழு எதிர்ப்பு மரபணு என்று ஒன்று கிடையாது. சுமாய் 3 என்ற சீன ரகத்திலிருந்து வந்த எஃப்எச்பி 1 இருப்பதில் நம்பகமானது, அதுவும் நோயைக் குறைக்கத்தான் செய்யும். மீதி எதிர்ப்பு டஜன் கணக்கான இடங்களில் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. அந்த எஃப்எச்பி 1 எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே 2019-இல் இரண்டு குழுக்கள் ஒரே மரபணுவைக் காட்டி நேர் எதிரான விளக்கம் சொன்னார்கள். ஆனால் மார்க்கர் என்னவோ இருவருக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. சில்லறை எதிர்ப்பை ஒவ்வொன்றாகத் துரத்துவது வீண் வேலை. ஆயிரக்கணக்கான மார்க்கர்களை ஒட்டுமொத்தமாக எடுத்து, வயல் முடிவு தெரிந்த செடிகளை வைத்துக் கணிப்பு மாதிரி கட்டி, புதுச் செடிக்கு மதிப்பெண் போடும் மரபுத்தொகுதித் தேர்வுதான் அங்கே பொருந்தும். 2001-இல் கால்நடை இனப்பெருக்கத்துக்காக முன்வைக்கப்பட்ட யோசனை அது.

மரபணு மாற்றத்தோடு எல்லை எங்கே என்று தெரிய வேண்டுமானால் 2021-இல் வெளிவந்த ஒரு வேலையைப் பார்க்கலாம்: எஸ்ஆர் 22, 35, 45, 50, 55 ஐந்தையும் ஒரே டிஎன்ஏ கட்டாக்கிக் கோதுமைக்குள் செலுத்தினார்கள். ஐந்தும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் எத்தனை தலைமுறை கலந்தாலும் பிரியாது, 256-இல் ஒன்று என்ற தொல்லையே இல்லை. தொழில்நுட்பமாக இது மார்க்கர் அடுக்கைவிட நேர்த்தியானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அனுமதி, ஏற்றுமதி, மக்கள் ஏற்பு என்ற சுவர்களைத் தாண்ட வேண்டியிருப்பதால்தான் பெரும்பாலான நிலையங்கள் இன்னும் இலைத்துண்டு வெட்டிக்கொண்டிருக்கின்றன.

எனவே “மார்க்கர் உதவியால் உருவான நோய் எதிர்ப்பு ரகம்” என்று எங்காவது பார்த்தால், மார்க்கர் என்ற சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு வேறு சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை மரபணு, எவை? அவற்றில் எதையாவது எங்காவது பூஞ்சை ஏற்கெனவே தாண்டியிருக்கிறதா? அவை வேறு ரகங்களில் தனியாக நிற்கின்றனவா? வளர்ந்த செடியை, இப்போது புழக்கத்தில் உள்ள இனங்களோடு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சோதித்தார்களா? காட்டு எம்மர் என்ற காட்டுக் கோதுமையிலிருந்து வந்த ஒய்ஆர் 15 மாதிரி பிரமாதமான மரபணு ஒன்றே ஒன்று என்று பதில் வந்தால், நான் அந்த விதையைப் போடுவேன், ஆனால் மொத்த நிலத்திலும் போட மாட்டேன். 2025-இல் பிரிட்டன் வயல்களில் ஒய்ஆர் 15-ஐத் தாண்டிய மஞ்சள் துரு கண்டறியப்பட்டுவிட்டது.